ஹேட்டி மெக்டேனியல் அம்மையாரின் மேடை வாழ்வு

பெரும் பரிசு பெற்றோரின் பெயரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அப்பரிசுக்கு முன் அவர்கள் ஏறி இறங்கிய மேடைகளை மறந்துவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டேனியல் அம்மையாரின் வரலாறும் இத்தகையதே. 'கான் வித் தி விண்ட்' திரைப்படத்தில் 'மேம்மி' என்னும் பணிப்பெண் வேடம் தாங்கி, 1940ஆம் ஆண்டில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றவர் அவர். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரும் அவரே. ஆயினும் திரையுலகில் அடியெடுத்து வைப்பதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மேடையில் வாழ்ந்தார். அவ்வாழ்வை அறியாமல் அவரை எடைபோடுதல் முறையன்று எனக் கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1893ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தையார் ஹென்றி மெக்டேனியல் அடிமையாய்ப் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவில் நின்று போரிட்டவர். தாயார் சூசன், தேவாலயப் பாடல்களில் வல்லவர். வறுமை காரணமாகக் குடும்பம் கொலராடோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, டென்வர் நகரில் நிலைகொண்டது. அங்கே மகளிர் மதுவிலக்குச் சங்கம் நடத்திய ஒப்பித்தல் போட்டியில் சிறுமி ஹேட்டி தங்கப்பதக்கம் வென்றாள். பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்னரே மேடை அவரை ஈர்த்துக்கொண்டது.

கரி பூசிய மேடை

அக்காலத்து அமெரிக்காவில் 'மின்ஸ்டிரல்' என்றொரு கேளிக்கை பெருவழக்காய் இருந்தது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் ஆடிப்பாடி இழிவுபடுத்துவதே அக்கேளிக்கையின் உள்ளீடு. பிற்காலத்தில் கறுப்பினக் கலைஞர்களும் பிழைப்புக்காகத் தாமே இத்தகைய குழுக்களை அமைத்தனர். அம்மையார் தம் தமையன் ஓட்டிஸ் நடத்திய குழுவில் பாடினார், ஆடினார், பாடல்களும் இயற்றினார்.

1914ஆம் ஆண்டில் தமக்கை எட்டாவுடன் சேர்ந்து மகளிர் மட்டுமே நடிக்கும் குழு ஒன்றை நிறுவினார். இதனை நாம் சிறப்பாகக் கருதுகின்றோம். வெள்ளையர் கண்டு மகிழ்ந்த அதே 'மேம்மி' வேடத்தைக் கறுப்பின மக்கள் முன்னிலையில் ஆடிக்காட்டி, அவ்வேடத்தைப் படைத்தவர்களையே அவர் நகைப்புக்கு உள்ளாக்கினார் என அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அங்கே வசனமும் அவருடையது, சிரிப்பும் அவருடையது. 1915இல் கணவரையும் 1916இல் தமையன் ஓட்டிசையும் இழந்தபோதும் அவர் கலையைக் கைவிட்டாரில்லை. மேடை கிடைக்காத நாள்களில் பிறர் வீட்டில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்தார்.

நாடு சுற்றிய பாடகி

1920 முதல் 1925 வரை ஜார்ஜ் மாரிசன் என்பாரின் இசைக்குழுவோடு ஊர்தோறும் சென்று பாடினார். டென்வர் வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. 1926 முதல் 1929 வரை ஓகே, பாரமவுண்ட் முதலிய இசைத்தட்டு நிறுவனங்களுக்காகப் 'புளூஸ்' பாடல்களைப் பாடிப் பதிவுசெய்தார். அவற்றுள் பல அவரே இயற்றியவை.

1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அவர் வேலையைப் பறித்தது. மில்வாக்கி நகருக்கருகே ஒரு கேளிக்கை விடுதியின் கழிப்பறையில் பணிப்பெண்ணாய் அமர்ந்தார். பாடத் தெரிந்தவர் என அறிந்தும் விடுதி உரிமையாளர் அவரை மேடையேற்றத் தயங்கினார். இறுதியில் ஒருநாள் வாய்ப்புக் கிட்டியது. கழிப்பறையிலிருந்து மேடையேறிய அம்மையார் அவ்விடுதியின் நிலையான பாடகியானார்.

பரிசும் பழியும்

1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, வானொலியில் புகழ்பெற்றார். ஊதியம் போதாமையால் அப்போதும் வீட்டு வேலை செய்தார். அடுத்த ஆண்டு முதல் திரைப்படங்களில் நடிக்கலானார். அவருக்குத் திறந்த வாயில் ஒன்றே: பணிப்பெண் வேடம். 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் அப்படத்தின் முதற்காட்சி நடந்தபோது, நிறவெறிச் சட்டங்களால் அவர் கலந்துகொள்ள இயலவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று பரிசு வாங்க வந்த மண்டபத்திலோ, சக நடிகர்களுடன் அமரவிடாது, சுவரோரம் தனி மேசையில் அமர்த்தப்பட்டார்.

ஒருபுறம் வெள்ளையர் ஒதுக்கினர். மறுபுறம் கறுப்பின உரிமை இயக்கத்தார் இழிவான வேடங்களை ஏற்பதாகக் குறைகூறினர். இருதரப்பு நியாயத்தையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவ்வேடங்கள் ஓர் இனத்தையே தாழ்த்தின என்பது உண்மை. பணிப்பெண்ணாய் உழைத்துக் கைகாய்த்த ஒருவர், பணிப்பெண்ணாய் நடித்து நிமிர்ந்து வாழ விரும்பியதும் உண்மை. குற்றம், வேறு வாயிலைத் திறக்க மறுத்தவர்களுடையது. அவர் கோழையுமல்லர். கறுப்பர் குடியிருக்கக்கூடாதெனத் தொடுக்கப்பட்ட வழக்கில் அண்டை வீட்டாரைத் திரட்டி நின்று, 1945இல் வெற்றி கண்டார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

1952 அக்டோபர் 26 அன்று அம்மையார் மறைந்தார். அவர் விரும்பிய ஹாலிவுட் இடுகாடு, நிறம் கருதி இடம் மறுத்தது. 1999இல்தான் அங்கு நினைவுக்கல் எழுந்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு அவர் விட்டுச்சென்ற ஆஸ்கார் விருதும் காணாமற்போயிற்று. 2023இல் மாற்று விருது வழங்கப்பட்டது. திரையில் அவர் ஏற்ற வேடத்தை உலகமே பார்த்தது. அவரே எழுதி, அவரே நடத்திய மேடைநிகழ்ச்சிகளைக் காண இன்று வழியில்லை.

இளைஞர்களே! பிறர் நமக்கு எழுதித்தந்த வேடம் பத்திரமாய் இருக்கிறது. நாமே எழுதிக்கொண்டது அழிந்துபோகிறது. நம் பெரியோர் பாடியதையும் ஆடியதையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். கல்வி கற்றதன் கடன்களுள் அதுவும் ஒன்று.