நாள் கணக்கும் வரிக் கணக்கும்: கொழும்புச் செட்டியார் முதல் துபாய்த் தொழிலாளி வரை

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் லீவு?" என்பதுதான். வருமான வரித் துறையும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறது. ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதை அது பெரிதாகப் பார்ப்பதில்லை, எத்தனை நாள் இங்கே இருந்தார் என்று எண்ணுகிறது. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் செட்டிநாட்டுக்கும் பங்கு உண்டு.

நகரத்தார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனது எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி உண்டா? 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வியாபார லாபத்தை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால்தான் வரி. கொண்டுவராமல் பினாங்கிலேயே மறுபடியும் வட்டிக்கு விட்டால் வரி இல்லை. இதனால் வந்த சண்டைகள் ஏராளம். ஊருக்கு அனுப்பிய பணம் லாபமா, முதலா என்பதுதான் சண்டையின் சாரம். "அது முதல்" என்பார் செட்டியார். "முதலில் லாபம்தான் வந்திருக்கும்" என்பார் அதிகாரி.

பர்மா கதை இன்னும் வேடிக்கை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. முதல் நாள் வரை உள்நாட்டு வருமானமாக இருந்தது, மறுநாள் வெளிநாட்டு வருமானம் ஆகிவிட்டது. ரங்கூன் கடை நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. செட்டிநாட்டுக்குள்ளேயே ஒரு கோடு ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் பிரிட்டிஷ் இந்தியா, ராயவரம் புதுக்கோட்டை சமஸ்தானம். ஒரே சமூகம்தான். ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு தேசம்!

1939இல் சட்டம் தலைகீழாக மாறியது. பணம் வந்ததா என்பதோடு, ஆள் எங்கே குடியிருக்கிறார் என்ற கேள்வியும் சேர்ந்தது. இங்கே 'குடியிருப்பவர்' என்று முடிவானவருடைய வருமானம் உலகத்தில் எங்கே விளைந்தாலும், கொண்டுவராவிட்டாலும் வரிக்கு உட்பட்டது. (கொண்டுவராத வெளிநாட்டு வருமானத்தில் 4,500 ரூபாய் வரை மட்டும் சலுகை.) வருடத்தில் 182 நாள் இருந்தால் குடியிருப்பவர். அதைவிடக் கடுமையான விதி ஒன்றும் இருந்தது. 182 நாள் இங்கே ஒரு வீடு தனக்காக வைத்திருந்து, அந்த வருடம் எப்போதாவது வந்து தலையைக் காட்டினாலே போதும், அவர் குடியிருப்பவர்தான். கடல் கடந்து போனாலும் ஊரில் பெரிய வீடு கட்டி வைக்கும் சமூகத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டுக் குடும்பத்துக்கு விதி வேறு. குடும்பத்தின் நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுக்க முழுக்க வெளியே இருந்தால்தான் அது குடியிருக்காத குடும்பம். கொஞ்சம் உள்ளே இருந்தாலும் மாட்டிக்கொண்டது. இந்த அளவுகோல் கம்பெனிகளுக்காக இங்கிலாந்தில் உருவானது. தென்னாப்பிரிக்காவில் வைரம் எடுத்த டி பீர்ஸ் கம்பெனியை லண்டனிலிருந்து நடத்துகிறார்கள், ஆகவே அது இங்கிலாந்துக் குடி என்று 1906இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த வைரக் கம்பெனியின் அளவுகோலை நம்மூர்க் கூட்டுக் குடும்பத்துக்கும் வைத்து அளந்தார்கள்.

அப்படி அளக்கப்பட்டவர்களில் ஒருவர் கொழும்புச் செட்டியார். மனைவி, பிள்ளைகளோடு இலங்கையில் குடியிருந்தவர். வியாபாரமும் அங்கேதான். கானாடுகாத்தானில் வீடு, அதில் அவருடைய தாயார். 1941-42இல் அவர் பிரிட்டிஷ் இந்தியாவில் மொத்தம் 101 நாள் இருந்தார். குடும்ப நிலம் பற்றி ஒரு வழக்கு நடந்தது, அதற்காக வந்தார். வருமான வரி விசாரணைக்கும் வந்தார். வரி அதிகாரி கூப்பிட்டதற்காக வந்த நாட்களும் அந்த 101க்குள் அடக்கம்!

அவருடைய குடும்பம் குடியிருப்பவர் கணக்கில் வருகிறது என்றது துறை. சென்னை உயர் நீதிமன்றமும் அப்படியே சொல்ல, வழக்கு டெல்லி போனது. உச்ச நீதிமன்றம் 1950இல் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி ஃபஸல் அலி. தாயார் ஒரு வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அந்த வீடு குடும்ப நிர்வாகத்தின் இருப்பிடம் ஆகிவிடாது என்றார். 101 நாளுக்கும் அவர் பெரிய மதிப்பு கொடுக்கவில்லை. வழக்குக்கும் விசாரணைக்கும் வந்தவர் தன் நிர்வாகத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்ல முடியாது என்பது அவர் கருத்து.

இதுவரை படித்தால் செட்டியார் ஜெயித்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் தோற்றார். காரணம் இரண்டு. வழக்குக்கு வந்தவர் அது முடிந்ததும் திரும்பிப் போகாமல், 1942 பிப்ரவரியில் இங்கே இரண்டு கூட்டு வியாபாரங்களைத் தொடங்கி, அதன் பிறகும் கொஞ்ச காலம் தங்கிவிட்டார். இரண்டாவது, நிர்வாகம் முழுவதும் வெளியேதான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. காட்ட வேண்டிய கடிதங்களை அவர் காட்டவில்லை. வரவு செலவை ஓலைக் காலத்திலிருந்து எழுதி வைத்த சமூகத்தில் பிறந்தவர் காகிதம் காட்டாததால் தோற்றது விசித்திரம்தான்.

1961 சட்டம் வந்தபோதும் வீட்டு விதி போகவில்லை. வீடு இருந்து 30 நாள் தங்கினால் குடியிருப்பவர் என்று கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். அதற்குள் காலம் மாறியிருந்தது. கொண்டுவிற்கப் போனவர்களின் இடத்தில் வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் வந்தார்கள். அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணி அரசுக்குத் தேவைப்பட்டது. வீட்டு விதி 1982இல் நீக்கப்பட்டது. ஊருக்கு வந்து போகிறவர்கள் வரி பயமில்லாமல் தங்கக்கூடிய நாட்கள் 90, 150 என்று ஏறி, 1990களின் நடுவில் 182 ஆனது. வேலைக்காகக் கிளம்புபவர்களுக்கும் 182தான் எல்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், செப்டம்பர் கடைசிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே விமானம் ஏறுங்கள் என்று ஆடிட்டர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

2020 பிப்ரவரி 1 அன்று வந்த பட்ஜெட் இதை மறுபடியும் கலக்கியது. எந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டியிராத இந்தியக் குடிமகன் இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படுவார் என்றது மசோதா. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. அப்படியானால் துபாயில் கம்பி கட்டுபவருடைய சம்பளமும் வருமா? மறுநாளே நிதியமைச்சகம் "உண்மையான தொழிலாளிகளுக்கு இது அல்ல" என்ற பொருளில் விளக்கம் கொடுத்தது. நிறைவேறிய சட்டத்தில், வெளிநாட்டு வருமானம் போக மற்ற வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கே அந்த விதி. அதே வரம்பைத் தாண்டியவர்கள் ஊருக்கு வந்து போகும்போதுதான் 182 என்பது 120 ஆகும்.

சட்டம் வந்த அதே மாதம் விமானங்கள் நின்றன. லீவில் வந்தவர்கள் கொரோனாவால் ஊரிலேயே மாட்டிக்கொள்ள, நாள் கணக்கு அவர்கள் பங்குக்கு ஏறிக்கொண்டே போனது. மே மாதம் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 22க்கு முன் வந்து, மாத முடிவுவரை திரும்ப முடியாமல் போனவர்களுக்கு, 22 முதல் 31 வரையிலான நாட்கள் அந்த ஆண்டுக் கணக்கில் சேராது. வழக்குக்கு வந்த நாட்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத 1950 தீர்ப்பின் வாசனை இதில் லேசாக அடிக்கிறது.