குன்றுகளைக் கடந்த குறுஞ்செய்தி

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், ருவாண்டா என்றொரு சிறு நாடு உண்டு. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அதனை அழைப்பர். காண்பவர் கண்ணுக்கு விருந்தாகும் அக்குன்றுகள், பேறுகால வேதனையில் வீழ்ந்த தாய்க்குக் கடத்தற்கரிய தடைகள். அவளுக்கு நேர்ந்த அபாயத்தை உரியவர் உரிய காலத்தில் அறிவது எங்ஙனம்? அக்கேள்விக்கு அந்நாட்டார் தேடிய விடையின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1994 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இனப்படுகொலையில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மருத்துவரும் செவிலியரும் கொலையுண்டனர். எஞ்சியோருள் பலர் எல்லை கடந்து ஓடினர். ஒரு மருத்துவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். நோயோ அதுவரை காத்திராது. ஆதலின் 1995 முதல் ஊராரிடையே இருந்தே சுகாதாரத் தொண்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1960களில் சீனத்தில் ‘வெறுங்கால் மருத்துவர்’ தோன்றினர். 1978 இல் அல்மா-அட்டா நகரில் கூடிய உலக மாநாடும் இத்தகைய தொண்டருக்கு உரிய இடத்தை அளித்தது. ருவாண்டாவில் காலப்போக்கில் ஊருக்கு மூவர் என்றாயிற்று: பொதுப் பிணிகளுக்கு ஓர் ஆடவரும் ஒரு பெண்ணும், தாய்மாரின் நலத்துக்கென மற்றொரு பெண்ணும். நாடெங்கும் ஏறத்தாழ 45,000 பேர் இருந்தனர்.

தொண்டர் வந்தும் தொல்லை தீர்ந்தபாடில்லை. அவர் கண்டதெல்லாம் பதிவேட்டில் ஏறிப் பின்னரே மேலிடம் சென்றது. பள்ளியில் நெடுங்காலம் மாதாந்தரப் படிவங்களை நிரப்பியவன் நான். நடந்து முடிந்ததைச் சொல்ல அவை வல்லவை. நடக்கப்போவதைத் தடுக்க வல்லவையல்ல.

2009 இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் துணையோடு, ‘ராபிட் எஸ்.எம்.எஸ்.’ என்னும் முறையைக் கைக்கொண்டது. விருங்கா எரிமலைகளின் அடிவாரத்திலுள்ள முசான்சே மாவட்டமே சோதனைக்களம். தொண்டரின் கையில் ஒரு கைப்பேசி. ஊரில் ஒருத்தி கருவுற்றால், அவளது அடையாள எண்ணையும் சில குறிச்சொற்களையும் கோத்துச் செய்தி அனுப்புவார். பேறுகாலம் நெருங்குகையில் நினைவூட்டல் அவருக்கே திரும்பி வரும். குருதிப்போக்கு முதலிய அபாயக்குறி தோன்றினால், அவர் விடுக்கும் எச்சரிக்கை சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் உடனே எட்டும்.

2010 மே முதல் 2011 ஏப்ரல் வரை 432 தொண்டர்கள் 35,734 செய்திகளை அனுப்பினர். 11,502 கருவுற்ற தாய்மார் கண்காணிக்கப்பட்டனர். உயிருக்கு ஆபத்தென்று அறிவித்த செய்திகள் 362. சுகாதார நிலையங்களில் நிகழ்ந்த பேறுகள் நூற்றுக்கு 72 ஆக இருந்து 92 ஆக உயர்ந்தன. இதனை ஆய்வாளர் 27 விழுக்காடு உயர்வு என்றனர். 92 இல் 72 போனால் மீதி 20 தானே என்று கணக்கில் கெட்டிக்காரரான மாணவர் கேட்கலாம். 72 ஐ அடிப்படையாகக் கொண்டு 20 ஐ வகுத்தால் நூற்றுக்கு 27க்கு மேல், ஏறத்தாழ 28 வருவதைக் காண்பீர்கள். வரலாறு கற்போர் இதனினும் பெரிய வினா ஒன்றை எழுப்ப வேண்டும். முன்னும் பின்னும் ஒப்பிட்டமையால் மட்டும் கைப்பேசியே காரணம் என்று துணியலாமோ? அதே காலத்தில் அந்நாட்டில் வேறு பல சீர்திருத்தங்களும் நடைபெற்று வந்தன அல்லவா?

அம்முறை பின்னர் நாட்டின் 30 மாவட்டங்களிலும் பரவிற்று. அதன் பயனை ஆராய்ந்த கட்டுரையொன்று 2018 இல் வெளியாயிற்று. என் மனத்தை மிகவும் ஈர்த்தது அதுவே. 30 மாவட்டங்களிலும் கருவி ஒன்றே, குறிச்சொற்களும் ஒன்றே. விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. 10 மாவட்டங்களில் பேறுகாலத்துக்கு முந்திய பரிசோதனைகளும் நிலையப் பேறுகளும் பெருகின. ஏனைய 20 மாவட்டங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அப்பத்து மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி கிடைத்திருந்தது. தொண்டருக்குப் பயிற்சி அளிக்கவும், அவர் பணியை மேற்பார்வையிடவும், செய்தி போய்ச் சேரும் சுகாதார நிலையத்தில் வேண்டிய கருவிகளை வாங்கி வைக்கவும் அது செலவாயிற்று.