வழிமறிக்கும் நஞ்சுக்கொடி

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம்மவர் வழக்கு. அது வெறும் அணியன்று. தாய்மார் பலர் உதிரம் பெருகி உயிர்நீத்ததைக் கண்டு கண்டு மக்கள் சொன்ன சொல். அவ்வாறு உதிரம் பெருகுவதற்குரிய காரணங்களுள் ஒன்றை மருத்துவ உலகம் கண்டறிந்து அடக்குவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தாயின் குருதியிலிருந்து உணவையும் உயிர்வளியையும் சேய்க்குச் சேர்ப்பிக்கும் உறுப்பு நஞ்சுக்கொடி. 1559-இல் இத்தாலிய உடற்கூற்றறிஞர் ரியால்டோ கொலம்போ அதற்குப் 'பிளாசெண்டா' என்று பெயரிட்டார். இலத்தீனில் அச்சொல் தட்டையான அப்பத்தைக் குறிக்கும். இவ்வுறுப்பு கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளர்வது இயல்பு. சிலருக்கு அது கீழே ஒட்டிக் கருப்பையின் வாயை மூடிவிடுகிறது. இந்நிலையே 'பிளாசெண்டா பிரீவியா'. ஏறத்தாழ 200 பேறுகளுள் ஒன்றில் இது நேர்கிறது. மாதம் முற்ற முற்றக் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும். நஞ்சுக்கொடி அதனோடு ஒத்து விரியாது. ஆதலின் ஒட்டிய இடம் பிரிந்து, வலியில்லாமலே உதிரம் பெருகும்.

மேலிருந்த நஞ்சுக்கொடி கழன்று வாயில் வந்து விழுந்தது என்றே முன்னாளைய மருத்துவர் எண்ணினர். அது முதலிலிருந்தே வாயருகில் ஒட்டி வளர்ந்ததைக் கண்டு, 1685-இல் தம் நூலில் எழுதியவர் பாரிசு நகரத்துப் பால் போர்த்தால். 1775-இல் இங்கிலாந்தின் நார்விச் நகர மருத்துவர் எட்வர்டு ரிக்பி, பேற்றுக்கு முந்திய உதிரப்போக்கைத் தற்செயலானது, தவிர்க்க முடியாதது என இரண்டாக வகுத்தார். விரலால் தொட்டு நஞ்சுக்கொடி முன்நிற்கக் கண்டால், காலந்தாழ்த்தாது குழந்தையை வெளிக்கொணர்க என்பது அவர் வகுத்த விதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்பார், குழந்தையைத் திருப்பிக் காலைக் கீழே இழுத்து, அதன் உடலாலேயே உதிரத்தை அடைக்கும் முறையைப் பரப்பினார். தாய் பிழைத்தாள், சேயோ பெரும்பாலும் இறந்தது. ஓருயிரைக் காக்க மற்றோருயிரைக் கொடுக்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

அந்நிலையை மாற்றியது பொறுமை. முதலில் தோன்றும் உதிரப்போக்கு, கைவைத்துக் கிளறாதவரை, தாயைக் கொல்வது அரிது என்பதை பெல்ஃபாஸ்ட் நகரப் பேராசிரியர் மெக்கஃபி உணர்ந்தார். குறைமாதத்தில் எடுப்பதே சேயின் சாவுக்குப் பெருங்காரணம் என்பதும் அவர் கருத்து. எனவே, தாயை மருத்துவமனையிலேயே வைத்து, உள்ளே கைவிட்டுப் பாராமல், மாற்றுக் குருதியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, குழந்தை முற்றும்வரை காத்திருந்து பின் பேறு பார்க்கவேண்டும் என 1945-இல் வெளியிட்டார். ரிக்பியின் காலத்தில் வழிகாட்டிய அதே விரல், இப்போது விலக்கப்பட்டதைக் காண்க!

ஆயினும் தொடாமல் அறிவது எங்ஙனம்? 1958-இல் கிளாஸ்கோ நகர இயன் டொனால்டு குழுவினர், காதுக்கு எட்டாத ஒலியலைகளால் வயிற்றின் உள்ளே காணும் முறையை வெளியிட்டனர். நஞ்சுக்கொடியின் இடத்தை அறிய அம்முறை 1960களிலேயே பயன்பட்டது. ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்திருப்பதாகக் காணப்படும் நஞ்சுக்கொடிகளில் பல, கருப்பை வளர வளர மேலேறிவிடுகின்றன. ஏறாதவர்க்கு நாள் குறித்து அறுவையால் குழந்தையை எடுக்கின்றனர். குறைமாதத்தில் எடுக்க நேர்ந்தால் சேய்க்கு மூச்சுத்திணறலும் குருதிக்குறைவும் வரக்கூடும்; நுரையீரலை முதிர்விக்கும் மருந்தைத் தாய்க்கு முன்னரே கொடுக்கும் முறை 1972 முதல் அறியப்பட்டுள்ளது.

எனினும் இடர் முற்றும் நீங்கிற்றில்லை. முன்பு அறுவையால் பிள்ளை பெற்றவர்க்கு இந்நிலை வரும் வாய்ப்பு மிகுதி. பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஊன்றிப் பிரியாமற்போவதும் உண்டு. காக்கும் அறுவையே அடுத்த பேற்றுக்கு இடராகலாம் என்பதால், தேவையின்றி அதனை நாடாதிருத்தல் நலம்.

வலி கண்டால்தான் மருத்துவமனை என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. இந்நோய்க்கு வலியே இல்லை. கருவுற்றவர்க்கு ஒருமுறை உதிரம் கண்டு நின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.