ரௌட்டர் மேசை: கைத்திறன் இடம்பெயர்ந்த வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் என் வீட்டின் பின்புறம் உள்ள சிறு தச்சுப் பட்டறையில் ரௌட்டர் மேசை ஒன்றை அமைத்தேன். ரௌட்டர் என்றதும் இணையத் தொடர்பைப் பகிர்ந்தளிக்கும் பெட்டி சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் குறிப்பிடுவது மரத்தில் காடி எடுக்கவும், பலகையின் விளிம்பை வடிவாக்கவும் பயன்படும் மின்கருவியை. அதனை ஒரு மேசையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, சுழலும் கத்தி மட்டும் துளை வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்தால் அதுவே ரௌட்டர் மேசை.

முதல் நாளே ஒரு பலகை என் கையிலிருந்து பறிக்கப்பட்டுச் சுவரில் போய் மோதியது. நல்ல வேளையாக விரல்கள் தப்பின. கருவியில் பழுதில்லை, பிழை என்னுடையதே. அது என்ன பிழை என்று தேடப் புகுந்தபோது அக்கருவியின் வரலாறே விரிந்தது. அதனைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கிழவியின் பல்

இழைப்புளி மிகத் தொன்மையான கருவி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேய் நகரிலிருந்தே இழைப்புளிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பலகையைச் சமமாக்க ஓர் இழைப்புளி போதும். ஆனால், அலங்கார விளிம்பு வேண்டுமெனில் அந்த வடிவத்திற்கென்றே செதுக்கப்பட்ட தனி இழைப்புளி தேவை. ஆகவே, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தச்சரின் பெட்டியில் வடிவத்திற்கு ஒன்றாகப் பல இழைப்புளிகள் இருந்தன.

காடியின் அடிப்பகுதியைச் சமன்செய்ய வேறொரு சிறு கருவி இருந்தது. மரக்கட்டையின் நடுவே ஒற்றைக் கத்தி மட்டும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பொக்கை வாயில் எஞ்சிய ஒற்றைப் பல்லைப் போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு ஆங்கிலேயத் தச்சர்கள் அதனைக் 'கிழவியின் பல்' என்றே அழைத்தனர். ரௌட்டர் இழைப்புளி என்பது அதன் மற்றொரு பெயர். இன்றைய மின்கருவி தன் பெயரை இக்கிழவியிடமிருந்தே பெற்றது!

அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1897இல் வெளியிட்ட 55ஆம் எண் இழைப்புளி, 50க்கும் மேற்பட்ட கத்திகளை மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்கதாக இருந்தது. ஒரே கருவியில் பல வடிவங்கள் என்னும் எண்ணம் மின்சாரத்திற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

போர்ட்ஸ்மத் தந்த பாடம்

இதற்கிடையில், மரவேலையின் போக்கையே மாற்றிய நிகழ்வொன்று இங்கிலாந்தில் நடந்தது. பாய்மரக் கப்பல்களுக்குக் கயிறு இழுக்கும் மரக் கப்பிகள் பெருமளவில் தேவைப்பட்டன. பிரெஞ்சு நாட்டில் பிறந்த மார்க் புருனெல் அவற்றைச் செய்யும் இயந்திர வரிசையை வடிவமைத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவ்வியந்திரங்களை உருவாக்கித் தந்தார். சாமுவேல் பெந்தம் கடற்படையின் சார்பில் துணைநின்றார். 1802ஆம் ஆண்டு தொடங்கிய அப்பணியின் பயனாக, 1808 அளவில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 130,000 கப்பிகள் உருவாயின. தேர்ந்த கைவினைஞர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர்.

இதனைக் கேட்போர், "அப்படியானால் கைத்திறன் அழிந்துவிட்டதே!" என்று வருந்துவர். சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். திறன் அழியவில்லை, இடம்பெயர்ந்தது. முன்பு உளி பிடித்த கையில் இருந்த நுட்பம், இயந்திரத்தின் அளவுகளைத் துல்லியமாக அமைத்த மாட்ஸ்லேயின் கைக்கு மாறியது. மரத்தை ஊட்டுபவருக்கு நுட்பம் தேவையில்லாமற்போனது, முன்னரே வேறொருவர் அதனைச் செய்து முடித்திருந்ததால்தான்.

19ஆம் நூற்றாண்டில், மேசையின் அடியிலிருந்து எழும் சுழல்தண்டில் கத்திகளைப் பூட்டிய பெரிய இயந்திரங்கள் தொழிற்சாலைகளில் இயங்கின. ரௌட்டர் மேசையின் நேரடி மூதாதை இவைதாம். எனினும், எடையும் விலையும் மிகுந்த அவற்றை வீட்டுப் பட்டறையில் வைக்க இயலவில்லை.

கைக்கு அடங்கிய மின்பொறி

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் கார்ட்டர் என்பவர், முடிதிருத்துவோரின் மின்கருவியிலிருந்து எடுத்த பகுதியைக் கத்தியாக்கி மின்பொறியில் பூட்டிப் பார்த்தார் என்பர். அதிலிருந்து வளர்ந்ததே கையடக்க ரௌட்டர். கார்ட்டரின் தொழிலை 1929இல் ஸ்டான்லி நிறுவனம் விலைக்கு வாங்கியது.

கத்தியின் வரலாறும் இதனோடு இணைந்தது. 1920களில் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடைக் கொண்டு வெட்டுக்கருவிகளுக்கேற்ற கடினப் பொருள் உருவாயிற்று. குருப் நிறுவனம் 1926இல் அதனை 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரத்தைப் போன்றது' எனப் பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கமே அப்பெயர். பசை கலந்த ஒட்டுப்பலகை, எஃகுக் கத்தியை விரைவில் மழுங்கச் செய்துவிடும். கார்பைடு முனை பொருத்திய கத்தியோ நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

பின்னர், ரௌட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் தொழிற்சாலை இயந்திரம் செய்யும் வேலைகளுள் பலவற்றை அதுவும் செய்யும் என்பதை வீட்டுத் தச்சர்கள் உணர்ந்தனர். 1989 முதல் 2009 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 'நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' நிகழ்ச்சியை நடத்திய நார்ம் ஆப்ராம் போன்றோர், இம்மேசையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தினர்.

அமைப்பதே பெரும்பணி

இனி என் பிழைக்கு வருவோம். கையில் பிடிக்கும்போது ரௌட்டரின் கத்தி, மேலிருந்து நோக்க, வலஞ்சுழியாகச் சுழல்கிறது. தலைகீழாக்கினால் அதுவே இடஞ்சுழியாகிவிடும். எனவே, மேசையின் முன் நிற்பவர் பலகையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் கத்தி மரத்தை எதிர்த்து வெட்டும். நானோ தமிழ் எழுதும் பழக்கத்தில் இடமிருந்து வலமாகத் தள்ளினேன். கத்தி எதிர்ப்பதற்குப் பதிலாகப் பலகையைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிட்டது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள கத்தி நிமிடத்திற்கு 22,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 315 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். 10,000 சுழற்சிக்குக் குறைத்தால் ஏறத்தாழ 143 கிலோமீட்டர். எனவேதான் பெரிய கத்திகளை மெதுவாகச் சுழற்ற வேண்டும். கத்தியை மாற்றும்போது மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். கத்தியின் காம்பை முழுவதும் உள்ளே செலுத்தி, பின் 3 மில்லிமீட்டர் அளவு மேலே இழுத்து இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல், சிறிது சிறிதாகப் பலமுறை வெட்ட வேண்டும்.

பலகைக்கு வழிகாட்டும் தடுப்புக் கட்டையில் ஒரு வியப்பு உண்டு. கத்தி வட்டமாகச் சுழல்வதால், அக்கட்டை மேசை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டியதில்லை! ஒரு முனையை ஆணியால் நிலைநிறுத்தி, மறுமுனையை நகர்த்தினாலே போதும். கத்தி நடுவில் இருப்பின், மறுமுனையை 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் வெட்டு 1 மில்லிமீட்டர் மாறும். நேரான ஒரு கட்டையும் ஒரு திருகாணியும் இத்துணைத் துல்லியத்தைத் தருகின்றன. ஆனால், பலகையை ஒருபோதும் கத்திக்கும் தடுப்புக் கட்டைக்கும் இடையே நுழைக்கலாகாது. சீப்புப் போன்ற பற்களைக் கொண்ட அழுத்துப் பலகையும் தள்ளுகோலும் விரல்களைக் காக்கும்.

இப்பணிகளை முறையாகச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதன்பின் பலகையைத் தள்ளியதோ அரை நிமிடம்! அப்போதுதான் போர்ட்ஸ்மத் பாடம் விளங்கிற்று. வீட்டுப் பட்டறையில் மாட்ஸ்லேயும் நாமே. மரத்தை ஊட்டும் பயிற்சியற்ற கூலியாளும் நாமே. முதல் நாள் நான் மாட்ஸ்லேயின் வேலையைச் செய்யாமலே கூலியாளாக நின்றுவிட்டேன். பலகை பறந்தது அதனால்தான்.

பெற்றோர்களே, இக்கருவியைச் சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கலாகாது. ஆயினும், அதனை அமைக்கும்போது அவர்களை அருகில் வைத்துக்கொள்ளலாம். மின்செருகியைக் கழற்றிய பின் அளவுகோலை அவர்களிடம் கொடுத்து, கத்தியின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். கத்தி எத்திசையில் சுழலும், பலகையை எத்திசையில் தள்ள வேண்டும் என்று கேளுங்கள். விசையைத் தட்டியதும் எழும் ஓசையைக் கண்டு வியப்பதைவிட, ஓசை எழுமுன் நடப்பதைக் கற்றுக்கொள்வதே அவர்களுக்குப் பயன்தரும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இது புதிதன்று. வகுப்பறையில் ஒரு மணி நேரம் சீராக நடந்த பாடத்திற்குப் பின்னால், முதல் நாள் இரவு மேசையில் செய்த ஆயத்தம் இருப்பதை நாம் அறிவோமன்றோ!