கொல்லையில் ஒரு வீடு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நில உபயோக மாற்றமும் கட்டட விதிவிலக்கும்

விழுப்புரம் மாவட்டத்தில் விவசாய நிலமாகப் பதிவான இடத்தில் வீடு கட்ட நினைப்பவர் கேட்க வேண்டிய அனுமதி இரண்டு வகைப்படும். நிலத்தின் பயன்பாட்டையே விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றித் தரும்படி கேட்பது நில உபயோக மாற்றம். பக்கவாட்டு இடைவெளி, சாலை அகலம் போன்ற ஏதேனும் ஒரு விதியிலிருந்து மட்டும் விலக்குக் கேட்பது விதிவிலக்கு. இதைத் தளர்வு என்றும் சொல்வதுண்டு. ஊரில் இரண்டையும் சேர்த்து ‘அப்ரூவல்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அலுவலகத்தில் இரண்டும் வெவ்வேறு கோப்புகள். எதைக் கேட்க வந்தோம் என்பதே தெளிவாகாமல் போய் நிற்பவருக்குப் பல மாதங்கள் வீணாகின்றன.

அமெரிக்காவில் 1916இல் நியூயார்க் நகரம் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து விதி வகுத்தபின், அந்த விதி பொருந்தாத நிலத்துக்கு ‘வேரியன்ஸ்’ என்ற விலக்கு முறை நாடெங்கும் பரவியது. நிலத்தின் அமைப்பால் தனக்கு நேரும் இடரை உரிமையாளர் எடுத்துச் சொல்வார். உள்ளூர் வாரியம் அக்கம்பக்கத்தாரையும் கேட்டு முடிவெடுக்கும். தமிழ்நாட்டில் அப்படி ஊர்மட்ட வாரியம் கிடையாது. 1920ஆம் ஆண்டின் மதராஸ் நகரத் திட்டச் சட்டத்துக்குப் பின் வந்தது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலத்தையும் கட்டடத்தையும் சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்கும் அதிகாரத்தை அதன் 113ஆம் பிரிவு மாநில அரசுக்கே தருகிறது. ஒலக்கூர் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் சில அடி இடைவெளிக்கு விலக்கு வேண்டுமென்றாலும் கோப்பு கோட்டை வரை போக நேரலாம். இந்தத் தூரம் நியாயமானதல்ல.

கொல்லையும் கொட்டாயும்

தென்னார்க்காட்டிலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்து உருவானது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மீதமுள்ள பகுதியில் திண்டிவனம், மயிலம், ஒலக்கூர், வல்லம் பக்கங்களில் புஞ்சை மிகுதி. இங்கு நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த கடலை ரகங்கள் ஊர்ப் பெயரையே சுருக்கி ‘டி.எம்.வி.’ என்று நாடெங்கும் அறியப்படுகின்றன. ஏரிப் பாசனமும் கிணறும் உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும். நஞ்சை என்றால் கழனி, புஞ்சை என்றால் கொல்லை. அளவு சொல்லும்போது இன்னும் காணி, குழி என்பார்கள். 576 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. ஏக்கரில் சொன்னால் 1.32.

கொல்லையில் வீடு ஒரே நாளில் எழுவதில்லை. முதலில் கிணற்றடியில் மோட்டார் கொட்டாய் வரும். பிறகு அதன் ஓரமாக நாலு கம்பு நட்டு மாட்டுக்குக் கூரை போடுவார்கள். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் காவலுக்குப் படுக்க ஒரு கட்டில் வரும், அதற்கு மேல் தகரம் வரும். மகனுக்குக் கல்யாணமாகி ஊருக்குள் இருக்கும் நத்தத்து வீடு போதாமல் போனால், தகரம் இருந்த இடத்தில் செங்கல் சுவரும் தளமும் எழும். குடும்பத்துக்கு இது பத்து வருடத்தில் மெல்ல நடந்த ஒன்று. சட்டத்துக்கு, கொட்டாய் எப்போது வீடானதோ அந்த நாள்தான் கணக்கு.

1971ஆம் ஆண்டுச் சட்டம் ‘விவசாயம்’ என்பதற்கு அகலமான பொருள் தருகிறது. கால்நடை வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அதற்குள் அடங்கும். விவசாயத்துக்காக நிலத்தைப் பயன்படுத்துவது ‘அபிவிருத்தி’ ஆகாது என்கிறது. முழுமைத் திட்டங்களின் விவசாய மண்டலத்திலும் பண்ணைக் கட்டடங்களுக்கும் பால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் இடமுண்டு. அதனால் மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் மோட்டார் கொட்டாயும் பெரும்பாலும் சிக்கலாவதில்லை. அதே கொட்டகையை நெல் வியாபாரிக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டாலோ, சாலையோரம் சிமெண்ட் மூட்டை அடுக்கினாலோ அது வணிகப் பயன்பாடு. கூரை மாறாவிட்டாலும் பயன்பாடு மாறிவிட்டது. மின் இணைப்பும் இதை வெளியே காட்டிவிடும். விவசாய பம்பு செட்டுகளுக்கு 1990 முதல் கிடைக்கும் இலவச மின்சாரம் மோட்டாருக்கு மட்டுமே. அருகில் கட்டிய வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும்.

காகிதத்தில் நிலம்

எந்த விண்ணப்பமும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில்தான் தொடங்குகிறது. புல எண், உட்பிரிவு எண், பரப்பு, தீர்வை என்று ஓடும் கட்டங்களுக்கு நடுவே நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று ஒரு குறிப்பு இருக்கும். வீடு கட்டும் கனவு எவ்வளவு எளிதாக நனவாகும் என்பதை அந்தச் சிறு குறிப்பு பாதி முடிவு செய்துவிடும். கூடவே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவையும் வேண்டும். புலப்படத்தில் வரப்புகளின் நீளம் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்து உட்பிரிவு செய்யாமல் விட்ட நிலமானால், பட்டா ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் பாகத்திலும் நிற்கும். இதைச் சரிசெய்யாமல் மேலே போனால் கோப்பு திரும்பி வரும்.

ஊருக்குள் இருக்கும் கிராம நத்தம் இதற்கு விலக்கு. குடியிருப்புக்கென்றே தொன்றுதொட்டு விடப்பட்ட இடம் அது. அங்கே நில உபயோக மாற்றம் என்ற கேள்வியே எழாது. மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் தரும் கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் குடிசைக்குப் பதில் வீடு கேட்பவர்களிடம் மனைப் பட்டா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நத்தத்தில் இடமில்லாதவர்தான் கொல்லைக்குப் போகிறார். கொல்லைக்குப் போனவருக்குத்தான் காகித வேலை முழுக்க.

விண்ணப்பம் போகும் வழி

நிலம் முழுமைத் திட்டம் வகுக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெளியே இருந்தால் சட்டத்தின் 47-அ பிரிவும், 2017 மே மாதம் வெளியான நில உபயோக மாற்ற விதிகளும் பொருந்தும். விண்ணப்பம் ஊராட்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். புஞ்சைக்கு நடைமுறை சற்று எளிது. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் கருத்தும் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். ஏரிப் பாசனக் கழனிகளின் நடுவே ஒரு வீடு வந்தால் வாய்க்கால் மறையும், அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகும் வழி சுருங்கும். இந்தக் கெடுபிடி ஊருக்கு நல்லது. இதைத் தளர்த்தக் கூடாது.

திட்டப் பகுதிக்குள் இருந்தால் வரைபடத்தில் அந்தப் புல எண்ணுக்கு என்ன நிறம் பூசப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விவசாய மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக்குவது 32ஆம் பிரிவின்படி திட்டத்தையே திருத்தும் வேலை. அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபனை கேட்டுத்தான் அதைச் செய்ய முடியும். ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள் என்று தனித்தனியாக இருந்த கட்டட விதிகளை 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒன்றாக்கின. எந்த வீட்டுக்கு எவ்வளவு இடைவெளி, எத்தனை மாடி என்பதற்கு இப்போது பார்க்க வேண்டிய நூல் அதுதான்.

சிறு வீட்டுக்காரருக்குப் பெரிய ஆறுதலாக வந்தது 2024 ஜூலை 22இல் தொடங்கிய சுயசான்று முறை. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டும் குடியிருப்புக்கு, உரிமையாளர் தாமே உறுதி கூறி இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி கிடைக்கிறது. 2,500 சதுர அடி என்பது இங்குள்ளவர்கள் கணக்கில் நாலேகால் குழியைச் சற்றுத் தாண்டும். ஆனால் அந்த இடம் முதலில் மனையாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கொல்லை நடுவே நாலு குழியை அளந்து காட்டினால் இந்த வசதி கைகொடுக்காது.

கல் நட்ட மனைகள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பேருந்தில் போகும்போது, வெள்ளையடித்த கற்களில் சிவப்பு எண் எழுதி நட்ட கொல்லைகளை இருபுறமும் காணலாம். வளைவு ஒன்று நிற்கும், பெயர் மங்கியிருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கருவேல முள் மண்டியிருக்கும். அனுமதி பெறாமல் பிரித்து விற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று ஆணையிட்டது. வெளிநாட்டில் உழைத்தும் சீட்டு எடுத்தும் மனை வாங்கியிருந்த பல குடும்பங்கள் அன்று திகைத்து நின்றன. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே 4இல் விதி வந்தது. கட்டணம் கட்டி ஆணை வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள். கல் நட்டதோடு விட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

விலக்கு கிடைக்காத இடங்கள்

சில நிலங்களில் எந்த விண்ணப்பமும் பலிக்காது. வாங்கும்முன் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும். மரக்காணம் கடற்கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறுக்கே நிற்கும். கழுவேலி சதுப்பு நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஏரி உள்வாயும் நீர்வழிப் புறம்போக்கும் யார் பெயரில் அனுபவத்தில் இருந்தாலும் வீட்டுக்கு ஆகாதவை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போனதை அன்று பார்த்தவர்களுக்கு இந்தத் தடையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையோரம் சாலை நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டடம் கூடாதென்பது நெடுஞ்சாலை வழிகாட்டுதல். 1892இலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கி வீடு கட்டியிருந்தால், உபயோக மாற்றம் அந்தக் கிரயத்தைச் செல்லுபடியாக்காது.

கட்டிய பிறகு

அனுமதியின்றிக் கட்டியதற்கு 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும். மறுக்கப்பட்ட அனுமதிக்கு 79ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 2007 ஜூலை 1க்கு முன் முடிந்த கட்டடங்களுக்கு 113-இ பிரிவு விலக்குக்கு வழி வைத்தது; அதன் விதிகள் 2017 ஜூனில்தான் வந்தன. பத்து ஆண்டு தள்ளி வந்த அந்த வழியை நம்பி இன்று ஒருவர் கொல்லையில் அஸ்திவாரம் தோண்டினால், அந்தத் தேதிக்குப் பின் கட்டியவர் என்ற கணக்கிலேயே நிற்பார். தோண்டுவதற்கு முன் கேட்பவருக்கு மாற்றம், தளர்வு, மறுப்பானால் மேல்முறையீடு என்று எல்லா வழியும் திறந்திருக்கிறது.

உபயோக மாற்ற ஆணை கிடைத்தாலும் வருவாய்த் துறைப் பதிவு தானாக மாறிவிடாது. வீடு எழுந்து, தீர்வை போய் வீட்டுவரி வந்த பிறகும் பட்டாவில் அந்த இடம் புஞ்சையாகவே இருக்கும். இருபது வருடம் கழித்துப் பிள்ளைகள் வீட்டின் மேல் வங்கிக் கடன் கேட்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்த ஆணையைத்தான். தாய்ப்பத்திரத்தோடு அதையும் ஒரே உறையில் போட்டுப் பீரோவில் வைப்பது இந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வேலை.