வளைகுடாவுக்குப் போன பயோடேட்டாக்கள்

எண்ணெய்க் கம்பெனிக்குப் போகும் பயோடேட்டாவில் படிப்பு கடைசிப் பக்கத்தில்தான் வரும். முதல் பக்கம் முழுக்க பிளான்ட்டுகளின் பெயர். எந்த யூனிட், ஆண்டுக்கு எத்தனை டன் கொள்ளளவு, அங்கே என்ன வேலை பார்த்தார், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் 1978இல் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. பிற்பாடு தி.நகரில் சொந்தமாகக் கடை போட்டேன். ரெமிங்டன் போய் எலெக்ட்ரானிக் டைப்ரைட்டர் வந்தது, அதுவும் போய் கம்ப்யூட்டர் வந்தது. பயோடேட்டாவின் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த ஊரிலிருந்து எண்ணெய் வேலைக்கு ஆட்கள் வெளிநாடு போன வரலாற்றை நான் படித்தது அந்த முதல் பக்கங்களில்தான். படித்தவரை, ஒரு பிளான்ட்டில் பழகிய கைதான் அடுத்த பிளான்ட்டின் கதவைத் திறந்திருக்கிறது. பட்டம் அதற்குத் துணைக்குப் போயிருக்கிறது.

அரபு நாட்டுக்கு வெகு முன்னால் பர்மா இருந்தது. 1886இல் ஸ்காட்லாந்தில் தொடங்கப்பட்ட பர்மா ஆயில் கம்பெனி யெனாங்யாங் கிணறுகளிலிருந்து எடுத்த எண்ணெயை ரங்கூன் பக்கத்தில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிரியம் ஆலையில் சுத்திகரித்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும் பங்கு சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள். தெலுங்கர்கள் அதிகம், தமிழர்களும் உண்டு. பாரசீகத்தில் எண்ணெய் தேடப் பணம் போட்டதும் இதே கம்பெனிதான். 1908 மே 26ஆம் தேதி மஸ்ஜித்-இ-சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனி உருவானது. 1912இல் அபாதான் ஆலை ஓடத் தொடங்கியபோது அந்த ஊரில் யாருக்கும் சுத்திகரிப்பு வேலை தெரியாது. ரங்கூன் ஆலையில் பழகியவர்களைத்தான் கூட்டிப்போனார்கள். 1922இல் அபாதானின் இந்தியத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் லஸ் பக்கம் குடியிருந்த ஒரு பெரியவர். அவருடைய அப்பா சிரியத்தில் ஃபிட்டராக இருந்தவர். 1942இல் ஜப்பான்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே ஆலையைக் கொளுத்தியபோது குடும்பத்தோடு கால்நடையாகக் கிளம்பி வந்தவர். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கதையை நம் வீடுகளில் நிறையப் பேசியிருக்கிறோம். எண்ணெய் ஆலைத் தொழில் தெரிந்த கைகளும் அந்தக் கூட்டத்தில் நடந்து வந்தன என்பதை நாம் பேசியதில்லை. வந்து சேர்ந்த ஊரில் அந்தக் கைகளுக்கு வேலை கிடையாது. சென்னையில் அப்போது சுத்திகரிப்பு ஆலை இல்லை.

அது வந்தது மணலியில். 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி மூன்றும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்டை ஆரம்பித்தன. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஆலை ஓடத் தொடங்கியது. கச்சா எண்ணெய் ஈரானின் டேரியஸ் வயலிலிருந்து கப்பலில் வந்தது. 2000இல் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய பிறகும் ஈரானியப் பங்கு அதில் தொடர்ந்தது. அண்ணா சாலையில் தேனாம்பேட்டையைக் கடக்கிறவர்கள் பார்க்கும் சென்னை பெட்ரோலியம் ஆபீஸ் கட்டிடத்துக்குள் இவ்வளவு பெரிய கடல் கடந்த உறவு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

காலம் அமைந்த விதத்தைப் பாருங்கள். மணலி ஓடத் தொடங்கிய நாலாவது வருஷம், 1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு, ஒரு பேரல் கச்சா எண்ணெய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. குவைத், சவூதி, அபுதாபி, கத்தார் எல்லாம் ஒரே சமயத்தில் ஆலை கட்ட இறங்கின. அந்த நேரத்தில் சென்னையில் ஒரு முழு ரிஃபைனரியை அஸ்திவாரத்திலிருந்து கட்டி, ஓட்டி, பராமரிப்புக்கு ஷட்டவுன் எடுத்துப் பிரித்துப் பூட்டிய ஆட்கள் இருந்தார்கள். கிண்டி ஏ.சி. டெக் 1944லிருந்தும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949லிருந்தும் இன்ஜினியர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. எம்.ஐ.டி.யில் படித்த இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களுக்கு இருந்த கிராக்கியை நான் கண்ணால் பார்த்தேன். ஒரே வாரத்தில் அவர்களுக்கு இரண்டு மூன்று பயோடேட்டா அடிக்க வேண்டிவரும். திருச்சி பெல்லில் உயர் அழுத்த பாய்லர் குழாய் ஒட்டிய வெல்டர்களும் சென்னைக்கு வந்துதான் இன்டர்வியூ கொடுத்தார்கள்.

வேலை தேடும் வழி என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்றைக்கு ஹிந்து பேப்பரின் வேலைவாய்ப்புப் பக்கங்கள். பம்பாயிலிருந்து வரும் வெளிநாட்டு வேலைப் பத்திரிகைகள். விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதில் கேட்ட சொற்கள் அப்படியே பயோடேட்டாவில் இருக்க வேண்டும். நாலு கார்பன் வைத்து அடிப்போம், கடைசிக் காப்பி மங்கலாக விழும், அதைக் கடையின் ஃபைலில் போட்டுவிடுவோம். தி.நகர் லாட்ஜ் அறைகளில் இன்டர்வியூ நடக்கும். தேறினால் டெலக்ஸில் ஆஃபர். சாஸ்திரி பவனில் பாஸ்போர்ட், பிறகு மெடிக்கல், விசா ஸ்டாம்பிங்குக்கு பாஸ்போர்ட்டை பம்பாய்க்கு அனுப்புவது. சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் டிக்கெட். இந்த நாலு வரிகளை வீட்டுப் பெண்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வதும் எங்கள் வேலையாக இருந்தது. அவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எப்போதும் டிக்கெட்டைப் பற்றித்தான்.

வெல்டர்களின் டிரேட் டெஸ்ட்டைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 6ஜி என்று ஆயிரக்கணக்கான முறை அடித்திருப்பேன், அது என்னவென்று அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு குழாய்த் துண்டை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திவிடுகிறார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடிப்பக்கத்துக்கு வரும்போது மல்லாந்த மாதிரி தலையைச் சாய்த்து, மேல்பக்கத்துக்குப் போகும்போது எட்டி நின்று, கை நடுங்காமல் ஒரே சீராக ஒட்டிக்கொண்டு போகிறார். முதலில் ஆர்கான் வாயுவில் ரூட், அதன்மேல் ஆர்க்கில் நிரப்பி, கடைசியில் கேப்பிங். அதோடு முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஃபிலிமில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழி வரிசையாகத் தெரிந்தாலோ, கசடு மாட்டியிருந்தாலோ ஆள் ஃபெயில். அன்று தேறிய ஒரு தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "குழாயைத் திருப்பலாம்னா யாரு வேணா ஒட்டிடுவாங்கக்கா. பிளான்ட்ல குழாய் நம்ம சௌகரியத்துக்கா நிக்குது?" அவன் எட்டாவது வரைதான் படித்தவன். அந்த ஃபிலிமைவிடக் கறாரான பரீட்சையை எந்த யூனிவர்சிட்டியும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏமாற்றமும் இந்த வரலாற்றில் ஒரு பெரிய பகுதி. தாலியை அடகு வைத்துப் போலி ஏஜென்டிடம் பணம் கட்டி, பம்பாயில் வாரக்கணக்கில் பாயில் படுத்துவிட்டுத் திரும்பிய பையன்களுக்கு மறுபடியும் பயோடேட்டா அடித்திருக்கிறேன். அவர்களிடம் காசு வாங்க எனக்கு மனசு வந்ததில்லை. 1922இல் வெள்ளைக்காரன் போட்ட குடிபெயர்வுச் சட்டத்தைத்தான் 1983 வரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் புதுச் சட்டம் வந்து, ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றானது. அதற்கும் முன்னால், 1978இலேயே தமிழக அரசு தானே ஒரு கம்பெனி ஆரம்பித்தது: அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரோட்டில் நெடுநாள் இருந்தது, பிறகு கிண்டிக்குப் போனது. கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் அங்கே போய்ப் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்வேன். எல்.பி. ரோடு பஸ்ஸில் ஏற்றிவிடாத குறை. அரசாங்கமே ஏஜென்டாக நின்று ஆளை அனுப்பியது இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அது இன்னும் பத்து மடங்கு பெரிதாக வளர்ந்திருக்க வேண்டும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. பாலைவனம் தாண்டி ஜோர்டான் போய்ச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து ஏர் இந்தியா 59 நாளில் 488 விமானங்களில் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. அந்த வருஷக் கடைசியில் கடைக்கு வந்தவர்கள் சிலர் கையில் ஒன்றுமே இல்லை. சர்டிஃபிகேட், சர்வீஸ் லெட்டர், சம்பள பாக்கி எல்லாம் அங்கேயே போயிற்று. ஒரு சீனியர் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், அடையாறுக்காரர், "பழைய பயோடேட்டா காப்பி ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். கச்சேரி ரோட்டு முதலாளி கடையை மூடும்போது பழைய ஃபைல்களை என்னிடம்தான் கொடுத்திருந்தார். மங்கலான கார்பன் காப்பி கிடைத்தது. அவர் மணலியில் எந்த யூனிட்டில் எந்த மாதம் இருந்தார் என்பது வரைக்கும் அதில் இருந்தது. அதை வைத்துப் புதிதாக அடித்தோம். அடுத்த வருஷம் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்தன, நவம்பரில்தான் கடைசித் தீ அணைந்தது. ஆலைகளைத் திரும்பக் கட்ட ஆள் தேவைப்பட்டது. அவர் போனார்.

அதன்பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கத்தார் 1990களின் பிற்பாதியில் திரவ எரிவாயு அனுப்பத் தொடங்கியது, காஸ் பக்கம் வேலை பெருகியது. ஏ.எஸ்.என்.டி. லெவல் 2, சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி., ஏ.பி.ஐ. 510 என்று இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ்கள் பயோடேட்டாவின் தலையில் ஏறின. சென்னையிலேயே ஃபாஸ்டர் வீலர், சைபெம், டெக்னிப் மாதிரி கம்பெனிகள் டிசைன் ஆபீஸ் போட்டன. அபுதாபி ஆலைக்கான பைப்பிங் வரைபடம் சென்னையில் தயாராகிறது, வரைகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். நான் டைப் அடிக்க உட்கார்ந்த காலத்தில் ஒரு பெண்ணின் பயோடேட்டாவும் இந்தத் தொழிலுக்கு வந்ததில்லை. இப்போது வருகிறது. அதை டைப் செய்யும் நாளில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

2018இல் குவைத் ஒரு விதி கொண்டுவந்தது. இன்ஜினியர் என்ற பதவியில் இகாமா (குடியிருப்பு அனுமதி) புதுப்பிக்க வேண்டுமானால் அந்த நாட்டு இன்ஜினியர்கள் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு அவர் கல்லூரியில் படித்த படிப்பு நம் நாட்டின் தேசிய அங்கீகார வாரியத்தில் தேறியிருக்க வேண்டும். அந்த வாரியமே 1994இல் பிறந்தது. அதற்கு முன்னால் படித்து முடித்தவர் எங்கே போவார்? இருபது முப்பது வருஷம் ரிஃபைனரியில் நின்றவர்கள் பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு சூப்பர்வைசராகவும் டெக்னீஷியனாகவும் இருக்க வேண்டி வந்தது. முதல் பக்கத்தை யாரும் படிக்கவில்லை, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். போனில் அழுத ஒரு மனிதருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

வெளியூரான் செய்தது அது. நம் ஊரில் நடப்பதை நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மணலியிலும் எண்ணூரிலும் ஷட்டவுன் வேலைக்குக் கான்ட்ராக்டில் போகும் பையன்களுக்கு, வேலை பார்த்ததற்கு எழுத்தில் எந்தச் சான்றும் கிடைப்பதில்லை. பெரிய கான்ட்ராக்டரிடம் சின்னக் கான்ட்ராக்டர், அவரிடம் மேஸ்திரி, மேஸ்திரியிடம் இவன். கேட்டால் ஒரு லெட்டர் பேடில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் போன் நம்பரை வளைகுடாக் கம்பெனி கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். சூட்டுக்குள் இறங்கி ஹீட் எக்ஸ்சேஞ்சரின் டியூப் பண்டிலை வெளியே இழுத்தவன், ஃப்ளேஞ்ச் போல்ட்டை டார்க் பார்த்து முறுக்கியவன், பயோடேட்டாவில் ஃப்ரெஷராக நிற்கிறான். யார், எந்த யூனிட்டில், என்ன வேலை, எத்தனை நாள் என்று ஆலை நிர்வாகமே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதைச் சரிபார்த்து முத்திரை குத்தலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று சட்டம் இருந்தும் இந்தப் பையன்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்களே, ஏன்? கையில் சான்று இல்லாதவனுக்குப் பேரம் பேசும் தெம்பு இல்லை.

அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை என்னால் முடிந்தது ஒன்றுதான். ஆலைக்குள் போக ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் தேதி போட்டு ஒரு கேட் பாஸ் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டியது அது. கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு என்று வருகிற பையன்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பெயர் வாரியாக ஃபோல்டர் போட்டுச் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.