நீதிக்கு நுழைவுக் கட்டணம்: சித்தூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

நீதிமன்றங்களை நடத்தும் செலவை வழக்காடுவோரே ஏற்க வேண்டும் என்னும் வாதம் அவ்வப்போது எழுகிறது. ஆனால் நம் நாட்டில் நீதிமன்றக் கட்டணம் பிறந்தது செலவை ஈடுகட்ட அன்று. வழக்காட வருவோரைத் தடுக்கவே.

1793இல் காரன்வாலிஸ் வங்காளத்தில் இக்கட்டணத்தை நீக்கினார். 1795இல், ஜான் ஷோர் காலத்தில், அது மீண்டும் விதிக்கப்பட்டது. ஆதாரமற்ற வழக்குகளைக் குறைப்பதே காரணமாகக் கூறப்பட்டது. இதனைப் பின்னாளில் மெக்காலே கடுமையாக எள்ளினார். கட்டணம் பொய் வழக்கைத் தேர்ந்தெடுத்துத் தடுப்பதில்லை. ஏழையின் மெய் வழக்கையும் சேர்த்தே தடுக்கிறது.

வங்காள முன்மாதிரியைத் தழுவிச் சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்ட நான்கு மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்களுள் ஒன்று சித்தூரில் அமைந்தது. வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த அவ்வூர், 1911இல் திருப்பதியையும் உள்ளடக்கிய தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் குடும்ப வழக்குகளை எவ்வாறு நடத்தியது என்பது கவனிக்கத்தக்கது. ஜீவனாம்ச வழக்கின் மதிப்பு, ஓராண்டுக்குக் கோரும் தொகையைப் போலப் பத்து மடங்கு. கைவிடப்பட்ட பெண், இன்னும் கைக்கு வராத பத்தாண்டுப் பணத்துக்குக் கணக்கிட்டு முத்திரைத்தாள் வாங்க வேண்டும். 1953இல் சித்தூர் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் அம்மதிப்பை ஓராண்டுத் தொகையாகக் குறைத்தது. பின்னர் 1960இல் தமிழகத்துக்கு வந்த திருத்தணி, வேறொரு கட்டணச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

நீதித்துறையை அமைப்பது அரசின் முதற்கடமை; கொள்கையளவில் அதற்குக் கட்டணம் வாங்குவது முறையன்று என 1958இல் சட்ட ஆணையம் கருதியது. 1972இல் ஜெனித் லாம்ப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வரியன்று, கட்டணமே. உரிமையியல் நீதி நிர்வாகச் செலவோடு இதற்குத் தொடர்பு வேண்டும். பொது வருவாயைப் பெருக்க வழக்காடுவோரைப் பயன்படுத்தலாகாது என்றது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நீடித்த 7.5 விழுக்காட்டுக் கட்டணம் 2017இல் 3 விழுக்காடாயிற்று. பத்து இலட்ச ரூபாய் வழக்குக்கு 75,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது, 30,000 ஆகக் குறைந்தது.

அதே 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தொழிலாளர் தீர்ப்பாயங்களில் 2013 முதல் வாங்கப்பட்ட கட்டணத்தைச் சட்டவிரோதம் என்றது. அத்தீர்ப்பின் தருக்கம் எளியது: நீதிமன்றத்தால் பயனடைபவர் வழக்காடுபவர் மட்டுமல்லர். ஒருவர் பெற்ற தீர்ப்புக்கு அஞ்சியே பலர் ஒப்பந்தத்தை மதிக்கின்றனர், ஜீவனாம்சம் தருகின்றனர். படி ஏறாதவருக்கும் அந்தக் கட்டடம் காவலாக நிற்கிறது.

2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இவ்வுரிமை எத்தனை ஊர்களுக்குத் தெரியும் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. கட்டணத்தை உயர்த்தினால் குறையும் வழக்குகளைக் கணக்கிடலாம்; தொடுக்கப்படாமலே போன நியாயங்களை எந்தப் பதிவேடும் காட்டாது.